உங்களைவிட இளைய பூமி!

ஊர் சுத்தலாம் வாங்க...

உங்க வயசு என்ன? பத்தொன்பது... இருபது? ஓகே. நீங்க நிக்கிற தரையோட வயசு என்ன?

'தரைக்கு ஏது பாஸ் வயசு? அது பாட்டுக்குப் பல கோடி வருஷமா கிடக்கு'ன்னுதானே சொல்லப்போறீங்க? உலகத்துல பெரும்பாலான இடங்களுக்கு அந்தப் பதில் சரி. ஆனா, ஒரு தீவுல, ஒரு ரோட்டுல மட்டும் அது செல்லாது. அந்த ரோட்டோரமா அங்கங்கே போர்டு நட்டு வெச்சிருக்காங்க. ஊர்ப் பேருக்கான போர்டு இல்லை, கிலோ மீட்டர் கணக்கும் இல்லை. வருஷம்! 2002... 2004... 2007...

அந்தந்த வருஷம் எரிமலைக் குழம்பு அந்தந்த இடத்துல ஓடி வந்து, ரோட்டைத் தாண்டி, உறைஞ்சு நின்னுச்சுன்னு அர்த்தம். அதுக்கு முன்னாடி இருந்த தரை அடியில போயிடுச்சு. மேல இருக்கிறது புத்தம் புது பூமி. 2007 போர்டு பக்கத்துல போய் நின்னீங்கன்னா, உங்கள்ல பல பேருக்குக் காலுக்குக் கீழே இருக்கிற தரை, தம்பி முறை ஆகணும்!

தீவோட பேரு ரீயூனியன். இந்த வாரம் நாம சுத்தப்போறது அங்கேதான்.

சின்னத் தீவு... பெரிய அடுப்பு!

இந்தியப் பெருங்கடல்ல, மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கு ரீயூனியன். மொரீஷியஸிலிருந்து விமானத்துல முக்கால் மணி நேரம். பரப்பளவு சுமார் 2,500 சதுர கிலோ மீட்டர்தான். கடலோரமாவே ஒரு ரவுண்டு அடிச்சா 200 கிலோ மீட்டருக்குக் கொஞ்சம் மேல. காலையில டிபன் முடிச்சுட்டுக் கிளம்பினா, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்துடலாம். 1946-லிருந்து இது ஃப்ரான்ஸ் நாட்டோட ஒரு மாவட்டம். பாரீஸுக்கும் இதுக்கும் ஒன்பதாயிரம் கிலோ மீட்டருக்கு மேல தூரம். ஆனாலும் பெட்டிக்கடையில யூரோதான் நீட்டணும்!

டூரிஸ்ட் கூட்டம் எல்லாம் மேற்குப் பக்கம் ஒதுங்கும். அங்கேதான் வெயில், வெள்ளை மணல், அமைதியான கடல் எல்லாம். நமக்கு அது வேண்டாம். நாம போகவேண்டியது மழையும் மேகமும் கறுப்புப் பாறையுமா இருக்கிற தென்கிழக்குப் பக்கம். ஏன்னா, எரிமலை இருக்கிறது அங்கே.

எரிமலையோட பேரு, பித்தோன் த லா ஃபுர்னேஸ். 'உலைச் சிகரம்'னு தமிழ்ல சொல்லலாம். உயரம் 2,632 மீட்டர். பேருக்கேத்த மாதிரியே சதா கொதிக்கிற உலை. 17-ம் நூற்றாண்டிலிருந்து 150 தடவைக்கு மேல வெடிச்சிருக்கு. உலகத்துலயே ரொம்ப சுறுசுறுப்பான எரிமலைகள்ல இதுவும் ஒண்ணு.

'அப்போ அந்தத் தீவுல மனுஷன் எப்படிங்க குடியிருக்கான்?' நல்ல கேள்வி. இந்த எரிமலை பெரும்பாலும் குண்டு மாதிரி வெடிச்சுச் சிதறுற ரகம் இல்லை. பொங்கிவர்ற பால் மாதிரி வழியிற ரகம். அதைவிட முக்கியமான விஷயம், எரிமலையைச் சுத்திக் குதிரை லாடம் வடிவத்துல ஒரு பெரிய மலைச்சுவர் இருக்கு. லாடத்தோட திறந்த பக்கம் கடலைப் பார்த்து இருக்கு. பெரும்பாலான வெடிப்புகள் இந்தச் சுவருக்கு உள்ளேயே நடக்கும். குழம்பும் அந்தத் திறந்த பக்கமாவே சரிஞ்சு கடலுக்குப் போகும். அப்படிப் போற சரிவுக்குப் பேரு க்ரான் ப்ரூலே. 'பெரிய எரிகாடு'ன்னு வெச்சுக்கலாம். அங்கே வீடு கிடையாது, கடை கிடையாது. ஒரே ஒரு ரோடு மட்டும் குறுக்கே போகுது. என்.2 நெடுஞ்சாலை. உள்ளூர்க்காரங்க அதுக்கு வெச்சிருக்கிற பேரு, லாவா ரோடு!

அஜந்தாவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ரோட்டுல இறங்கறதுக்கு முன்னாடி ஒரு ஃப்ளாஷ்பேக். சும்மா பத்து, இருபது வருஷம் இல்லை. ஆறரைக் கோடி வருஷம்!

பூமிக்கு அடியில சில இடங்கள்ல அடுப்பு மாதிரி ஒரே இடத்துல சூடு மேல எழும்பிக்கிட்டே இருக்கும். புவியியல் படிக்கிறவங்க அதை 'ஹாட் ஸ்பாட்'னு சொல்வாங்க. அடுப்பு நகராது... ஆனா, மேல இருக்கிற நிலத்தட்டு நகரும். மெழுகுவத்திக்கு மேல ஒரு காகிதத்தை மெதுவா இழுத்துக்கிட்டே போங்க. காகிதத்துல வரிசையா சூடுபட்ட தடம் விழும் இல்லையா? அதேதான்.

இன்னிக்கு ரீயூனியனுக்கு அடியில இருக்கிற இதே அடுப்புக்கு மேலேதான் சுமார் ஆறரைக் கோடி வருஷம் முன்னாடி இந்தியா இருந்துச்சு. அப்போ பொங்கி வழிஞ்சு, அடுக்கடுக்கா உறைஞ்சதுதான் தக்காணப் பீடபூமியோட கறுப்புப் பாறை. அஜந்தாவையும் எல்லோராவையும் குடைஞ்சிருக்காங்களே, அது அந்தப் பாறையிலதான். அப்புறம் இந்தியா வடக்கே நகர்ந்துக்கிட்டே போக, அடுப்பு வழிநெடுகத் தடம் போட்டுக்கிட்டே வந்துச்சு. லட்சத்தீவுலயிருந்து மாலத்தீவு வழியா மொரீஷியஸ் வரைக்கும் கடலடியில அந்தத் தடம் தெரியும். அதோட கடைசி ஸ்டாப்தான் ரீயூனியன். கைலாசநாதரைச் செதுக்கின கல்லும், ரீயூனியன்ல நேத்து வழிஞ்ச கல்லும் ஒரே அடுப்புல வெந்தது. நம்புங்க பாஸ்!

வாசல் வரைக்கும் வந்த விருந்தாளி

சரி, ரோட்டுக்கு வருவோம். வடகிழக்கே சேன் பெனுவா ஊர்ல ஆரம்பிச்சுத் தெற்கே இறங்குங்க. இடது பக்கம் கடல், வலது பக்கம் கரும்பு. கொஞ்ச தூரத்துல கிழக்கு நதி குறுக்கே வரும். இப்போதைய பாலத்துக்குப் பக்கத்துலயே 1890-கள்ல கட்டின பழைய தொங்கு பாலம் இருக்கு. வண்டியை ஓரங்கட்டிட்டு அதுல நடந்து போய்ப் பாருங்க. கீழே பாறைப் பள்ளத்துல ஆறு போற அழகுக்கே அரை மணி நேரம் போயிடும்.

அடுத்து சேன்த் ரோஸ். அதைத் தாண்டினா பித்தோன் சேன்த் ரோஸ்னு சின்ன ஊர். இங்கே ஒரு மாதா கோயில். பார்த்தா ரொம்பச் சாதாரணமா இருக்கும். கிட்டே போனாத்தான் தெரியும்... கோயில் சுவரை ஒட்டிக் கறுப்பா, மடிப்பு மடிப்பா உறைஞ்சு நிக்கிற குழம்பு!

1977 ஏப்ரல். வழக்கமா குதிரை லாடத்துக்குள்ளே வெடிக்கிற எரிமலை, அந்த முறை சுவருக்கு வெளியே வெடிச்சிடுச்சு. குழம்பு நேரா ஊருக்குள்ளே வந்துச்சு. ஜனங்களை வெளியேத்தினாங்க. வீடுகள் போச்சு, போலீஸ் ஸ்டேஷன் போச்சு. அப்புறம் கோயில் வாசலுக்கு வந்த குழம்பு, அங்கேயே நின்னு, ரெண்டாப் பிரிஞ்சு, கட்டடத்தைச் சுத்திக்கிட்டுப் போயிடுச்சு. உயிர்ச் சேதம் இல்லை. அதுக்கப்புறம் அந்தக் கோயிலுக்குப் பேரே 'லாவா மாதா' ஆயிடுச்சு.

அதிசயம்னு சொல்றவங்க சொல்லட்டும். நிலத்தோட சாய்வு, குழம்பு ஆறின வேகம்னு காரணம் தேடறவங்க தேடட்டும். ரெண்டு தரப்பும் சேர்ந்து செஞ்ச ஒரு வேலை இருக்கு. 1979-ல, மலைமேல பூர்-முரா ஊர்ல எரிமலைக்குன்னே ஒரு ஆய்வகம் ஆரம்பிச்சாங்க. மலையோட சின்ன நடுக்கத்தையும் வீக்கத்தையும் ராத்திரி பகலா அது கவனிக்குது. ஐ.சி.யூ-வில பேஷன்டுக்கு மானிட்டர் மாட்டின மாதிரி! மலை லேசா உப்பினாலே மணி அடிச்சிடும்.

இந்த ஊரை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும், மெயின் ரோட்டை விட்டுக் கடல் பக்கம் ஒரு கிளைச்சாலை இறங்கும். மிஸ் பண்ணிடாதீங்க. அது முடியற இடம் ஆன்ஸ் தே காஸ்காத். 'அருவி விரிகுடா'ன்னு அர்த்தம். செங்குத்தான பாறையிலிருந்து நூல் நூலா அருவி விழும். அதுக்குக் கீழே தென்னை மரங்கள், கரையில வரிசையாக் கலர் கலர் மீன்பிடிப் படகுகள். ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா உள்ளூர்க் குடும்பங்கள் பெரிய பெரிய பாத்திரத்தோட வந்து இறங்கிடும். சோறு, பருப்பு, கறி! ஆமாம், அங்கேயும் அதுக்குப் பேரு 'கறி'தான்.

கல்பாசி எழுதும் முதல் வரி

பசுமையா வந்துக்கிட்டு இருந்த ரோடு திடீர்னு ஒரு வளைவு எடுத்து, பெரிய மலைச்சுவர்ல இருந்து கீழே இறங்கும். அந்தச் சுவர்தான் குதிரை லாடத்தோட ஒரு கை. இறங்கினதும், க்ரான் ப்ரூலே!

முதல்ல கண்ணுக்குத் தெரியறது கறுப்பு. மலை உச்சியில இருந்து கடல் வரைக்கும் தார் கொட்டின மாதிரி. 'இவ்வளவுதானா?'ன்னு ரெண்டு செல்ஃபி எடுத்துட்டு வண்டியேறிப் போயிடறவங்க நிறையப் பேர். ப்ளீஸ்... நீங்க அப்படிப் பண்ணாதீங்க. வண்டியை நிறுத்திட்டு இறங்குங்க. இங்கே ஒரு புத்தகம் திறந்து கிடக்கு.

கறுப்புல வித்தியாசம் தெரியுதா பாருங்க. ஒரு பக்கம் கயிறு திரிச்ச மாதிரி மழமழன்னு இருக்கும். குழம்பு நிதானமா, மேல ஆடை கட்டி, அடியில ஓடினா இப்படி. இன்னொரு பக்கம் கூரா, பொரபொரன்னு, கால் வெச்சா செருப்பைக் கிழிக்கிற மாதிரி இருக்கும். உள்ளூர்ல இதுக்குப் பேரு 'கிராத்தோன்'. பன்றித் தோலைப் பொரிச்சு விக்கிற ஒரு தீனிக்கும் அதே பேருதான். நொறுங்கின பொரியல் மாதிரி இருக்குன்னு சமையல் கட்டுலயிருந்து பேரை எடுத்துட்டு வந்துட்டாங்க!

அடுத்து, போர்டைப் பார்த்துக்கிட்டே நடங்க. வயசு குறைஞ்ச குழம்பு மேல சாம்பல் நிறத்துல பூஞ்சணம் பிடிச்ச மாதிரி ஒண்ணு படர்ந்திருக்கும். அது பிரியாணியில போடற கல்பாசிக்குச் சொந்தக்கார இனம். பாறையில முதல்ல குடியேறுற ஆள் அதுதான். அப்புறம் வெடிப்புகள்ல பெரணிச் செடி எட்டிப் பார்க்கும். வயசான குழம்பு மேல புதர் வந்திருக்கும், மரக்கன்று வந்திருக்கும். ரொம்பப் பழைய குழம்பு மேல முழுக் காடே நிக்கும். காட்டுக்கு அடியில கறுப்புக் கல் இருக்குன்னு சொன்னாலொழியத் தெரியாது.

அதாவது, ஒரு காடு எப்படி உருவாகும்னு பார்க்க, ஓர் இடத்துல உட்கார்ந்து நூறு, இருநூறு வருஷம் காத்திருக்கணும். இங்கே பத்து நிமிஷம் வண்டியில போனாப் போதும். தாவரவியல் டிபார்ட்மென்ட் மக்களே, உங்க புத்தகத்துல 'சக்ஸஷன்'னு ஒரு பாடம் வருமே... அதோட லைவ் டெமோ இது!

2007... ஒரு மெகா ரிலீஸ்

இந்த ரோட்டுல மிகப் பெரிய போர்டு எதுன்னு கேட்டா, 2007. அந்த வருஷம் ஏப்ரல் 2-ம் தேதி, மலையோட அடிவாரத்துக்குப் பக்கத்துல, கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்துல பூமி கிழிஞ்சது. இருபதாம் நூற்றாண்டிலிருந்து அங்கே நடந்ததுலயே மிகப் பெரிய வெடிப்பு அதுதான். அன்னிக்கே குழம்பு ரோட்டை வெட்டிக்கிட்டுக் கடலுக்குப் போயிடுச்சு. சில இடங்கள்ல ரோடு இருந்த மட்டத்துக்கு மேல பல மாடி உயரத்துக்குக் கல் குவிஞ்சது. அடியில இருந்த குழம்பு காலியானதால, சில நாள்ல மலை உச்சிப் பள்ளத்தோட தரை 300 மீட்டருக்கு மேல உள்ளே அமுங்கிடுச்சு. ஒரு மலை, தன் தலையைத் தானே விழுங்கின கதை!

கடல்ல நடந்தது இன்னும் ஆச்சரியம். குழம்பு விழுந்து கடல் கொதிச்சதுல, ஆழத்துல வாழற மீன்கள் செத்து மேல மிதந்துச்சு. ஆராய்ச்சியாளர்கள் அதைச் சேகரிச்சுப் பார்த்தா, அதுல சில இனங்கள் அறிவியலுக்கே புதுசு. அதுங்க இருக்குங்கிறதே செத்தப்பறம்தான் நமக்குத் தெரிஞ்சது.

ரோடு என்ன ஆச்சு? ரெண்டு பக்கத்து ஊர்களுக்கும் நடுவுல கறுப்புச் சுவர். பக்கத்து ஊருக்குப் போகணும்னா தீவையே மறுபக்கமாச் சுத்திக்கிட்டுப் போகணும். மாசக்கணக்கா அந்தப் பாடு. அப்புறம் புல்டோசர் வெச்சு, இன்னும் உள்ளே சூடு ஆறாத கல்லு மேலேயே புது ரோடு போட்டாங்க. போட்ட பிறகும் பல வருஷத்துக்கு மழை பெய்ஞ்சா அந்தக் கல்லுலயிருந்து ஆவி வந்துச்சு. தோசைக்கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரி.

அந்த ஊர்க்காரங்களுக்கு இது முதல் தடவை இல்லை. 2002-ல போச்சு, போட்டாங்க. 2004-ல போச்சு, போட்டாங்க. 2007-ல போச்சு, போட்டாங்க. ஒவ்வொரு தடவையும் போர்டு ஒண்ணு நட்டுட்டு, வேலைக்குக் கிளம்பிட்டாங்க. 'ஏண்டா நமக்கு மட்டும் இப்படி?'ன்னு மலையோட சண்டை போட்டு ஜெயிக்க முடியாதுன்னு அவங்களுக்குத் தெரியும். ரோடு இல்லாம இருக்க முடியாதுன்னும் தெரியும். இதுக்குப் பேரு வீரமும் இல்லை, விரக்தியும் இல்லை. பழக்கம்!

தீ மிதிக்கிற பாண்டியாலே

போற வழியில சின்னச் சின்னதா கோயில்கள் கண்ணுல படும். செக்கச்செவேல்னு பெயின்ட் அடிச்ச குட்டி மாடங்கள் நிறைய இருக்கும். அது செயின்ட் எக்ஸ்பெதி. அவசரக் காரியங்களுக்கான புனிதர்! 'நாளைக்கே வேணும், இன்னிக்கே வேணும்'ங்கிற கேஸ் எல்லாம் இவர்கிட்டதான். வேண்டுதல் பலிக்கலைன்னா கோபத்துல சிலையோட தலையையே எடுத்துடற ஆட்களும் உண்டு. ஹால் டிக்கெட் வாங்கினப்புறம் புத்தகத்தைத் திறக்கிற பார்ட்டிகள் இந்தப் பேரைக் குறிச்சுக்கோங்க!

கலர் கலரா கோபுரம் வெச்ச கோயில்களும் தெரியும். அட... நம்ம மாரியம்மன், காளியம்மன்! இவங்க எப்படி இங்கே?

1848 டிசம்பர் 20-ம் தேதி இந்தத் தீவுல அடிமை முறை ஒழிஞ்சது. கரும்புத் தோட்டக்காரங்களுக்கு ஆள் வேணும். காரைக்கால், புதுச்சேரி துறைமுகங்கள் வழியா ஒப்பந்தக் கூலிகளாக் கப்பல் கப்பலா ஆட்களைக் கொண்டுவந்தாங்க. அதுல மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். 1860-ல பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து ஆள் எடுக்க ஒப்பந்தம் போட்டாங்க. கூலிகளை நடத்தின விதம் சரியில்லைன்னு 1882-ல பிரிட்டிஷ் அரசு அதை நிறுத்திடுச்சு. அதுக்குள்ளே வந்து சேர்ந்தவங்க லட்சத்துக்கும் மேல. அஞ்சு வருஷ கான்ட்ராக்ட்னு சொல்லி ஏத்தினாங்க. நிறையப் பேர் திரும்பவே இல்லை.

அவங்க வம்சத்துக்கு அங்கே 'மால்பார்'னு பேரு. இன்னிக்கு அவங்கள்ல பெரும்பாலோர் பேசறது க்ரியோல், ஃப்ரெஞ்சு. தமிழ் வீட்டை விட்டுப் போயிடுச்சு. ஆனா, சமையலறையை விட்டுப் போகலை. ஆட்டுக்கறியில போடறது 'மசாலே'. சோத்துக்குத் தொட்டுக்கிற கீரைக்குப் பேரு 'முரும்'. சாப்பிட்டுப் பார்த்தா நம்ம முருங்கைக் கீரை! பேரையும் ஃப்ரெஞ்சு ஸ்பெல்லிங்ல இருந்து மெதுவாப் பிரிச்சுப் படிங்க. ராமசாமி எட்டிப் பார்ப்பார், வீராசாமி எட்டிப் பார்ப்பார்.

முக்கியமா, தீமிதி. திரௌபதி அம்மனை அங்கே 'பாண்டியாலே'ன்னு கூப்பிடறாங்க. நம்ம பாஞ்சாலிதான். பதினெட்டு நாள் விரதம் இருந்து, நெருப்புல இறங்கி நடக்கிறாங்க. கூலியா வந்தவங்க கையோட கொண்டுவந்த வழிபாடு, தலைமுறை தாண்டி அப்படியே நிக்குது. எரிமலையோட காலடியில பூக்குழி இறங்கறாங்க... யோசிச்சுப் பாருங்க!

பன்னிரண்டு வயசுப் பையன் தந்த வாசனை

எரிகாட்டைத் தாண்டி, மறுபக்கத்து மலைச்சுவர்ல ஏறினா சேன் ஃபிலிப் பகுதி. முதல்ல த்ரொம்ப்ளே. 2007-ல குழம்பு கடல்ல விழுந்தப்போ நொறுங்கின துகள்ல உருவான கறுப்பு மணல் கடற்கரை இங்கே இருக்கு. மணலைக் கையில எடுத்து வெயில்ல காட்டினா நடுநடுவே பச்சையா மின்னும். அது ஒலிவின்ங்கிற கனிமம். பாறைகள்ல பார்த்து இறங்கணும். அலை நம்மளைக் கேட்டுக்கிட்டு வராது.

இன்னும் கொஞ்சம் தள்ளி புவான்த் த லா தாப்ள். 'மேசை முனை'. 1986 மார்ச்ல குழம்பு மறுபடியும் சுவருக்கு வெளியே வந்து, சில வீடுகளை விழுங்கிட்டு, கடலுக்குள்ளே 60 ஏக்கருக்கும் மேல புது நிலம் போட்டுக் கொடுத்துட்டுப் போச்சு. வீடு இழந்தவனுக்கு நஷ்டம், தீவுக்கு லாபம்! இப்போ அதுமேல நடைபாதை இருக்கு. தாழம் புதர்க் காட்டுக்குள்ளே நடந்து, கறுப்பு மேடையோட விளிம்புக்கு வந்தா, கீழே அலை அடிக்கிற சத்தம் பாறைக்குள்ளேயே கேட்கும்.

அந்தத் தாழை வகைக்கு இங்கே 'வக்கோவா'ன்னு பேரு. ஓலையில கூடை, பை, தொப்பி எல்லாம் முடைவாங்க. ஒரு கூடை வாங்கிக்கோங்க. பிளாஸ்டிக் சாவிக்கொத்தைவிட நல்ல ஞாபகார்த்தம்.

சேன் ஃபிலிப்ல இருந்து மலைப்பக்கம் ஏறுற கிளைச்சாலைகள்ல மார் லோங் காட்டுக்குப் போற ரோடு ஒண்ணு. தாழ்நிலத்துல இந்தத் தீவோட பழைய காடு எப்படி இருந்துச்சுன்னு பார்க்க மிச்சம் இருக்கிற ரொம்பக் கொஞ்ச இடங்கள்ல இது ஒண்ணு. இந்தப் பகுதித் தோட்டங்கள்ல மரத்தைப் பிடிச்சு ஏறுற ஒரு கொடியைப் பார்ப்பீங்க. வெனிலா!

அதுக்கு ஒரு கதை உண்டு. வெனிலாவோட சொந்த ஊர் மெக்ஸிகோ. வேற ஊர்ல நட்டா கொடி வளரும், பூ பூக்கும், காய் மட்டும் காய்க்காது. மகரந்தத்தைச் சேர்த்து வைக்கிற பூச்சி அங்கேதான் இருந்துச்சு. ஐரோப்பிய விஞ்ஞானிகளும் கையால சேர்க்க முயற்சி பண்ணினாங்க. ஆனா, தோட்டத்துக்குச் சரிப்பட்டு வர்ற சுலபமான வழி கிடைக்கலை. 1841-ல இந்தத் தீவுல, பன்னிரண்டு வயசு அடிமைப் பையன் ஒருத்தன், ஒரு குச்சியையும் கட்டை விரலையும் வெச்சு, சில விநாடியில அதைச் செஞ்சு காட்டினான். பேரு எட்மோன் அல்பியுஸ். இன்னிக்கும் உலகத்துல வெனிலாத் தோட்டங்கள்ல ஒவ்வொரு பூவையும் அந்தப் பையன் காட்டின வழியிலதான் கையால சேர்க்கிறாங்க. பூ திறந்திருக்கிறது ஒரே நாள்... விட்டா போச்சு. வெனிலா விற்றுப் பணக்காரங்க ஆனாங்க பல பேர். எட்மோன் 1880-ல ஏழையாவே செத்தார். அடுத்த தடவை ஐஸ்க்ரீம் சாப்பிடும்போது அந்தப் பேரை ஒரு தடவை சொல்லிட்டுச் சாப்பிடுங்க.

அங்கிருந்து காப் மெஷான். 'பொல்லாத முனை'. கறுப்புப் பாறைச்சுவர், வெள்ளை அலை, பச்சைத் தாழை... மூணே கலர்தான். கடைசியா மானாபனி. பாறைகளுக்கு நடுவுல கடல் தண்ணி தேங்குற இயற்கை நீச்சல் குளம். சுத்தியிருக்கிற தாழைகள்ல கண்ணைப் பறிக்கிற பச்சையில ஒரு பல்லி உட்கார்ந்திருக்கும். இந்தத் தீவோட தென்கரையில ஒரு துண்டு தவிர, உலகத்துல வேற எங்கேயும் இயற்கையா இல்லாத இனம். தொடாதீங்க, பார்த்துட்டு வந்துடுங்க.

போறதுக்கு முன்னாடி...

* ரீயூனியன் ஃப்ரான்ஸோட பகுதிதான், ஆனா ஷெங்கன் விசா எல்லைக்குள்ளே வராது. விதிமுறையை ஃப்ரெஞ்சுத் தூதரகத் தளத்துல பார்த்துட்டு டிக்கெட் போடுங்க.

* வண்டி ஓட்டறது வலது பக்கம். வாடகைக் கார் தர பெரும்பாலும் 21 வயசு கேட்பாங்க. இல்லாட்டி மஞ்சள் பஸ் இருக்கு. பேரு 'கார் ஜோன்'. ஃப்ரெஞ்சுல 'கார்'னா பஸ்!

* மழை! 2007 பிப்ரவரியில ஒரு புயல் நேரத்துல, மலைமேல கொமெர்சோன்ங்கிற இடத்துல நாலே நாள்ல 4,800 மி.மீ.-க்கு மேல மழை கொட்டிச்சு. உலக சாதனை. ஓடாம நின்னிருந்தா 16 அடி தண்ணி. ஜனவரி-மார்ச் புயல் மாசங்கள். மே-யிலிருந்து நவம்பர் வரைக்கும் பெட்டர்.

* கடல் அழகா இருக்குன்னு எங்கேயும் குதிக்கக் கூடாது. 2011-க்கு அப்புறம் அடுத்தடுத்து சுறாத் தாக்குதல்கள் நடந்து, 2013-ல லகூனுக்கு வெளியே நீச்சலுக்கும் சர்ஃபிங்குக்கும் தடையே போட்டாங்க. குளிக்கிறதா இருந்தா போர்டு பார்த்து, காவலர் இருக்கிற இடத்துல மட்டும்.

* எரிமலை வெடிச்சா, மேல இருக்கிற பகுதியை மூடிடுவாங்க. மூடினா மூடினதுதான். குழம்பு கடல்ல விழற இடத்துல வர்ற வெள்ளைப் புகை சாதாரண ஆவி இல்லை. அதுல ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கு. புதுசா உறைஞ்ச கரை எப்போ வேணா கடல்ல உடைஞ்சு விழும்.

இந்தக் கடைசி பாயின்ட்டைச் சும்மா எழுதலை. 2021 ஏப்ரல்ல எரிமலை பொங்கிக்கிட்டு இருந்தப்போ, மலையில ரெண்டு பேர் செத்துக் கிடந்தாங்க. ரெண்டு பேரும் இளைஞர்கள், உங்க செட்தான். சிவப்பா ஓடுற குழம்பைக் கிட்டே போய்ப் பார்க்கணும்ங்கிற ஆசை யாருக்குத்தான் இருக்காது? ஆனா, அந்த மலை ஓடிப் போயிடாது. அடுத்த வருஷமும் அங்கேதான் இருக்கும். நாமும் இருக்கணும் இல்லையா?

காசு, விசா, லீவுன்னு எல்லாம் கூடி வந்து என்னிக்காவது நீங்க அங்கே போகும்போது, ஒரு காரியம் மட்டும் பண்ணுங்க. நீங்க பிறந்த வருஷத்துக்கு முந்தின போர்டு ஒண்ணு, பிந்தின போர்டு ஒண்ணு... ரெண்டையும் தேடிப் பிடிங்க. ரெண்டுலயும் என்ன முளைச்சிருக்குன்னு குனிஞ்சு பாருங்க. செல்ஃபி அப்புறம் எடுத்துக்கலாம்!

அடுத்த வாரம் வேற ஊர்... வேற ரோடு. ஷூ லேஸைக் கட்டி வைங்க!